ஒன்பது மருந்து, ஒரு டம்ளர் டீ: கம்பம்மெட்டு ஜீப்பில் வேலைக்குப் போகும் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ஓராண்டாக ஒரு நாள்கூட விடாமல் சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தவர் இவர். அந்த ஓராண்டில் அவருடைய ஹீமோகுளோபின் 9.4இலிருந்து 8.9க்கு இறங்கியிருந்தது. பி12 அடிமட்டத்தில் கிடந்தது. தைராய்டு மாத்திரையின் அளவை இரண்டு முறை கூட்டியும் சோர்வு விடவில்லை. வைட்டமின் டி மட்டும் தேவைக்கு மேல் ஏறியிருந்தது. காசில்லை, மறந்துவிட்டார், டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை என்று மருத்துவர்களாகிய நாங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட இவருக்குப் பொருந்தாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் அவருடைய நாளும்

வயது 47. கம்பம் பக்கத்து ஊர். வண்டன்மேட்டுப் பகுதியில் ஏலத்தோட்ட வேலை. இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நாள் தொடங்குவது இப்படித்தான்: நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஐந்தரைக்கு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போவார்கள். திரும்பி வர மாலை நாலு, நாலரை ஆகும். வேலை அங்கே, வீடு இங்கே என்பதால் வைத்தியமும் இரண்டு பக்கமும் நடக்கும். இவருக்குச் சர்க்கரை மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. தைராய்டுக்குக் கம்பத்தில் ஒரு டாக்டர். தோட்டத்தில் ஒருநாள் தலைசுற்றி விழுந்தபோது அங்கேயே பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் எழுதிக் கொடுத்ததையும் இன்றுவரை தொடர்கிறார்.

என்னிடம் சொன்ன தொந்தரவுகள்: ஏற்றத்தில் நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குகிறது, பாதம் இரண்டும் மதமதவென்று இருக்கிறது, ராத்திரியில் எரிகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கொஞ்ச நாளாக நெஞ்சு எரிச்சலும் மலச்சிக்கலும். மாதவிலக்கு எப்படி என்று கேட்ட பிறகுதான், அதிகமாகவே போகிறது, எட்டு நாள் ஆகிறது என்றார். கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

அட்டைக்கடியால்தான் ரத்தம் குறைகிறதா என்று கேட்டார். மழைக்காலத்தில் தோட்ட வேலைக்குப் போகிற பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஓர் அட்டை குடிப்பது சில மில்லிலிட்டர்தான். கடிவாயில் கொஞ்ச நேரம் கசிந்தாலும் 8.9க்கு இறக்குகிற அளவுக்குப் போகாது. அட்டையைவிட, மண்ணிலிருந்து உடம்புக்குள் ஏறிக் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

பையைக் கொட்டியபோது

சாப்பிடுகிற எல்லாவற்றையும் பையோடு எடுத்து வரச் சொன்னேன். சத்து மாத்திரை விஷயத்தில் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது என்பது என் அபிப்பிராயம். மேசையில் கொட்டினார். பாதிக்குமேல் மெடிக்கலில் கத்தரியால் நறுக்கிக் கொடுத்த துண்டு அட்டைகள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி எவரோ வாங்கிப் போன இன்னொரு துண்டில். ஒரு காகிதக் கவரில் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஒரு டப்பாவில் ‘கம்மி’ என்ற ஜவ்வு மிட்டாய்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன.

பிரித்து அடுக்கியதில் ஒன்பது வகை தேறியது. தைராய்டுக்கு தைராக்சின் 100 மைக்ரோகிராம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இரண்டு வேளை, நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் 40, ஃபோலிக் அமிலம் கலந்த இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் கார்பனேட் இரண்டு வேளை, பி காம்ப்ளெக்ஸ் கேப்சூல், 60,000 யூனிட் வைட்டமின் டி3 கேப்சூல், அதே 60,000 யூனிட் டி3 தூள் பாக்கெட், முடிக்காக மகள் வாங்கித் தந்த பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) கம்மி.

எப்போது சாப்பிடுவீர்கள் என்றதும் பதில் பட்டென்று வந்தது. “அஞ்சு மணிக்கு டீ போட்டதும் எல்லாத்தையும் ஒரே வாயில போட்டு முழுங்கிருவேன் டாக்டரம்மா. ஜீப்பு வந்துரும்ல. பெறகு பெறகுன்னு விட்டா மறந்து போகும்.”

டி3 கேப்சூல் ஞாயிற்றுக்கிழமை, டி3 தூள் புதன்கிழமை. இரண்டும் ஒரே மருந்து என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு, எழுதிய டாக்டர் வேறு, மாநிலமும் வேறு. ஏழு மாதமாக இப்படி.

பரிசோதனை

ஹீமோகுளோபின் 8.9. ஃபெரிட்டின் 7, அதாவது இரும்புச் சேமிப்பு காலி. பி12 அளவு 148 பிகோகிராம். 200க்குக் கீழ் என்றால் குறைபாடு. வைட்டமின் டி 94 நானோகிராம். 20க்கு மேல் இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும். கால்சியம் 10.4, உச்சவரம்புக்கு ஒட்டி. பாதத்தில் அதிர்வு உணர்ச்சி குறைந்திருந்தது.

இரண்டு இடத்தில் ரிப்போர்ட்டை அப்படியே நம்பியிருந்தால் வழி தவறியிருக்கும்.

முதலாவது, சிவப்பணுக்களின் சராசரி அளவு 86. இயல்பு. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சிறுத்ததும் பெருத்ததுமாகச் சேர்ந்து சராசரி நடுவில் வந்து நிற்கும். பக்கத்திலேயே இருக்கிற இன்னொரு எண், அணுக்களின் அளவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று காட்டும் ஆர்டிடபிள்யூ, 21க்குப் போயிருந்தது. அதுதான் காட்டிக்கொடுத்தது. போதாததற்கு இரும்பு மாத்திரையில் இருந்த ஃபோலிக் அமிலம், பி12 குறைபாடு ரத்தத்தில் தெரியாதபடி ஓரளவு மூடிவைக்கும். நரம்பில் நடக்கும் சேதத்தை அது தடுக்காது.

இரண்டாவது, தைராய்டு. கையோடு கொண்டுவந்த பழைய ரிப்போர்ட்டில் டிஎஸ்எச், அதாவது தைராய்டு போதாதபோது ஏறும் ஹார்மோன், 3.1 என்று இருந்தது. பார்த்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பரிசோதனை பயோட்டின் கம்மியைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு எடுத்தது. ஒரு கம்மியில் 10 மில்லிகிராம் பயோட்டின். சில வகை ஆய்வகக் கருவிகளில் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்தி ஹார்மோனை அளக்கிறார்கள். ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதில் ஏமாறலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017இலேயே எச்சரித்தது. கம்மியை நிறுத்தி மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்தோம். 12.8.

ஐந்து மணி டீயில் நடந்தது

தைராக்சின் மிகவும் கூச்ச சுபாவம் உள்ள மருந்து. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, தனியாகப் போனால்தான் உள்ளே ஏறும். கால்சியமும் இரும்பும் குடலில் அதைப் பிடித்துக் கட்டிவிடும், கட்டியது மலத்தோடு போய்விடும். அதனால் இவற்றுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி கேட்கிறோம். பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைத்து இன்னும் கொஞ்சம் தடுக்கும். இவர் விஷயத்தில் எல்லாமே ஒரே மடக்கில். டிஎஸ்எச் இறங்காததால் டாக்டர் 50ஐ 75 ஆக்கினார், பிறகு 100. டாக்டர் கூட்டியது தப்பில்லை. டீயைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இரும்பின் கதை இதைவிட மோசம். தேயிலையில் உள்ள பாலிஃபீனால்கள் தாவர உணவிலும் மாத்திரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டம்ளர் டீ உணவிலிருந்து ஏறுகிற இரும்பைப் பாதிக்குமேல் குறைத்துவிடலாம். கூடவே கால்சியம். கூடவே அமிலம் குறைந்த வயிறு. தினமும் 100 மில்லிகிராம் சாப்பிட்டதில் உடம்புக்குள் போனது சொற்பம். மிச்சம் குடலில் தங்கி நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் தந்தது. நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் தொடர்ந்தது. பான்டோபிரசோலால் இரும்பு இன்னும் ஏறவில்லை. இப்படி ஒரு சுற்று.

பி12க்கு வேறு கணக்கு. ஏழு வருடமாக மெட்ஃபார்மின். நீண்ட காலம் அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும் என்பது தெரிந்த விஷயம். அறிகுறி இருந்தால் பரிசோதித்துப் பாருங்கள் என்று 2022இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு மருத்துவர்களுக்குத் தனியாக நினைவூட்டியது. பாத எரிச்சலைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவது எங்களுக்குச் சுலபம். ஆனால் சர்க்கரையால் கெட்ட நரம்புக்கும் பி12 குறைவால் கெட்ட நரம்புக்கும் எரிச்சல் ஒரே மாதிரிதான் இருக்கும், பின்னதைத்தான் சரிசெய்ய முடியும்.

சரி, பி காம்ப்ளெக்ஸ் கேப்சூல் சாப்பிட்டாரே, அதில் பி12 இல்லையா? இருக்கிறது, 15 மைக்ரோகிராம். வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம்தான் பி12ஐக் குடலின் கடைசிப் பகுதி வரை கூட்டிப்போய் உள்ளே ஏற்றும். அதன் ஜீப்பில் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்குத்தான் இடம். மீதியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தானாகக் கசிந்து ஏறும். 15இல் நூற்றுக்கு ஒரு பங்கு என்பது ஒன்றுமேயில்லை. இவருக்கோ மெட்ஃபார்மின் அந்த ஜீப்பையும் கடைசி நிறுத்தத்தில் தடுத்துக்கொண்டிருக்கிறது. 1,000 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் கசிவு வழியிலேயே 10 மைக்ரோகிராம் ஏறிவிடும், நாள் தேவைக்கு மேலேயே. பெரிய அளவு மாத்திரை ஊசிக்கு ஈடாக வேலை செய்வதன் ரகசியம் இதுதான்.

வைட்டமின் டியில் மட்டும் டீயின் ஜம்பம் பலிக்கவில்லை. அது கொழுப்பில் கரைவது, கல்லீரலிலும் கொழுப்பிலும் தங்கி நிற்பது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும். 60,000 யூனிட் என்பது நூறு நாள் தேவை. குறைபாடு இருந்தால் வாரம் ஒன்றாக எட்டு வாரம் கொடுப்போம், பிறகு மாதம் ஒன்று. எட்டு வாரம் என்று சீட்டில் எழுதியிருந்தாலும், மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டினால் கேள்வி கேட்காமல் தந்துவிடுகிறார்கள்.

வெயில் நாட்டில், அதுவும் வெளியில் வேலை செய்கிறவருக்கு முதலில் எப்படி டி குறைந்தது என்று கேட்கலாம். ஏலம் நிழல் பயிர். பெரிய மரங்களின் அடியில், முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் கட்டி, மழை மாதங்களில் அதற்கு மேல் பிளாஸ்டிக் கோட்டும் மாட்டிக்கொண்டு வேலை. வெயில் படுவது முகத்தில் கொஞ்சம், கையில் கொஞ்சம்.

மாற்றியமைத்தது

புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் நிறுத்தினேன். இரண்டு டியும், கால்சியமும், கம்மியும், பி காம்ப்ளெக்ஸும் அன்றே நின்றன. டி 94இலும் கால்சியம் விளிம்பிலும் இருக்கும்போது கால்சியம் மாத்திரைக்கு வேலையில்லை. கேழ்வரகும் நெத்திலிக் கருவாடும் மோரும் இருக்கின்றன. பான்டோபிரசோலை ஒரே நாளில் நிறுத்தினால் அமிலம் எகிறும் என்பதால் 20 ஆக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, மூன்று வாரத்தில் விட்டோம். கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 ஒரு வேளை. மாதவிலக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்கேனில் கருப்பையில் சிறு நார்த்திசுக்கட்டி. ரத்தப்போக்கைக் குறைக்க மாதவிலக்கு நாட்களுக்கு மட்டும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தார்கள். ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு இரும்பை ஊற்றியும் பயனில்லை.

அப்புறம் நேரம். புத்தகத்தில் இருக்கும் ‘காலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்’ எல்லாம் ஜீப் ஏறுகிறவருக்கு உதவாது. அவர் நாளில் எங்கே இடம் இருக்கிறது என்று தேடினோம். நாலு மணிக்கு எழுகிறார், டீ ஐந்துக்கு. அந்த ஒரு மணி நேரம்தான் தைராக்சினுக்கு. எழுந்ததும் அடுப்படிக்குப் போகும் முன் வெறும் தண்ணீரோடு. மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு, பழையபடியே இரண்டு வேளை.

இரும்புக்குத்தான் பேரம். காலையில் வேண்டாம், தைராக்சினும் டீயும் அங்கே இருக்கின்றன. தோட்டத்தில் பத்து மணிக்குக் கட்டன் சாயா. மாலையில் வீடு வந்ததும் முதல் வேலை டீ. “டீய மட்டும் விடச் சொல்லாதீங்க டாக்டரம்மா, அது இல்லைன்னா நான் இல்ல” என்றார். விட வேண்டாம் அக்கா, தள்ளிப் போடுங்கள் என்றேன். வந்ததும் எலுமிச்சம்பழத் தண்ணீரில் இரும்பு மாத்திரை. பிறகு குளியல், துணி துவைப்பு, தண்ணீர் பிடிப்பு. ஐந்தரை, ஆறுக்கு டீ. நெல்லிக்காய் கிடைக்கும் நாளில் எலுமிச்சைக்குப் பதில் அது, இரண்டிலும் உள்ள வைட்டமின் சி இரும்பு ஏற உதவும். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

அதுவும் தினமும் இல்லை. செவ்வாய், வியாழன், சனி. இது அவரை ரொம்பவே குழப்பியது. ரத்தம் இவ்வளவு குறைவு, மாத்திரையைக் குறைக்கிறீர்களே என்றார். இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, ஒரு நாள் முழுக்கக் குடலின் கதவை ஒருக்களித்து வைக்கும். மறுநாளே அடுத்த மாத்திரை போனால் குறைவாகவே ஏறும். ஒருநாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலும் ஏறும் பங்கு கூடுகிறது, வயிறும் தாங்குகிறது. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தரும் நீல நிற இரும்பு மாத்திரைகூட வாரம் ஒன்றுதான் என்று சொன்ன பிறகு சமாதானமானார். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அரசுத் திட்டத்தில் அவர்களுக்குத் தினமும் தருகிறார்கள், அப்படியேதான் சாப்பிட வேண்டும். நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறாவிட்டால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டோம்.

பி12க்கு ஊசியில் தொடங்கினேன். நரம்பு பாதித்திருக்கும்போது மாத்திரை ஏறும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. 1,000 மைக்ரோகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு வாரம். பிறகு தினமும் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின். நாக்குக்கு அடியில் வைக்கும் வகையும் ஸ்பிரேயும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. விழுங்கும் மாத்திரையைவிட அவை நன்றாக ஏறுவதாகத் தெரியவில்லை. விலை மட்டும் ஏறுகிறது.

ஊசி என்றதும் இவருடைய நாத்தனார் உற்சாகமாகி, “அப்படியே ஒரு மஞ்ச ட்ரிப்ஸும் போட்டு விட்டுருங்க” என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் சோர்வு என்றாலே சலைன் பாட்டிலில் வைட்டமின் ஊசி கலந்து ஏற்றுவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அந்த மஞ்சள் பெரும்பாலும் ரைபோஃப்ளேவின், அதாவது பி2. உடம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அன்றே சிறுநீரில் அனுப்பிவிடும், அதே மஞ்சளில். அரை நாள் படுத்திருந்ததும் அரை லிட்டர் தண்ணீர் உள்ளே போனதும் தந்த தெம்பை மஞ்சள் தந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். ஜீப் ஸ்டாண்டில் விற்கும் செயின் கம்பெனி சத்துப் பவுடரைப் பற்றியும் கேட்டார். அதற்குக் கொடுக்கும் பணத்தில் முட்டையும் ஈரலும் வாங்கச் சொன்னேன்.

தொடர்ந்து பார்த்ததில்

நாலாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.2. ரத்தக்குழாய் வழி இரும்பு தேவைப்படவில்லை. நெஞ்செரிச்சல் பான்டோபிரசோல் இல்லாமலேயே போய்விட்டது.

எட்டாவது வாரத்தில் படபடப்பு என்று வந்தார். டிஎஸ்எச் 0.2. இது எதிர்பார்த்ததுதான், டீயோடு போய் பாதி வீணாகும் என்ற கணக்கில் கூட்டிவைத்த 100 மைக்ரோகிராம் இப்போது முழுசாக ஏறுகிறது. சாப்பிடும் முறையைத் திருத்தினால் அளவையும் திருத்த வேண்டியிருக்கும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் பரிசோதிக்காமல் விடக்கூடாது. 75 ஆக்கினோம். அடுத்த முறை 2.4.

பதினாலாவது வாரம்: ஹீமோகுளோபின் 11.9, ஃபெரிட்டின் 22, பி12 590, வைட்டமின் டி 52. ஏற்றத்தில் மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது. முடி கொட்டுவதும் மட்டுப்பட்டது. கம்மியை நிறுத்திய பிறகு இது நடந்ததால் மகளுக்குக் கொஞ்சம் வருத்தம். பாத எரிச்சல் பாதிதான் குறைந்திருக்கிறது. அதில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, பி12இன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் சில மாதம் போனால்தான் பிரியும்.

இப்போது பையில் நாலு வகை: தைராக்சின், மெட்ஃபார்மின், இரும்பு, பி12. ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டிய பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் இரும்பு தொடரும். டி 30க்குப் பக்கம் இறங்கினால் மாதம் ஒரு கேப்சூல், மீன் குழம்போ முட்டையோ உள்ள மதியச் சாப்பாட்டோடு, ஞாயிற்றுக்கிழமையில். மெடிக்கலில் அட்டையை நறுக்கினால் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கத்து டாக்டர்களுக்கும் காட்ட எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன், தமிழில் ஒரு பக்கம், மருந்தின் வேதிப்பெயர் ஒரு பக்கம்.

பி12 குறைந்ததற்கு மெட்ஃபார்மின்தான் காரணம் என்றால் அதை நிறுத்திவிடலாமா என்று கடைசியாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். சர்க்கரை அதில் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, விலையில்லாமல் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. அதைச் சாப்பிடும்வரை பி12 மாத்திரையும் கூடவே வரட்டும், ஆண்டுக்கு ஒருமுறை அளவைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பரிசோதனை, காய் எடுப்பு முடிந்து தோட்டத்தில் வேலை குறையும் மாதத்தில்.